கிரிமினல் கேஸில் பெயர் வந்துவிட்டதா? வக்கீல் பிடிப்பதற்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் மீது எப்.ஐ.ஆர் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வக்கீல் பெயர் சொல்வார்கள். ஸ்டேஷன் வாசலிலேயே ஒருவர் விசிட்டிங் கார்டை நீட்டுவார். அந்தப் பதற்றத்தில் யாரோ ஒருவரிடம் முழு கேஸையும் ஒப்படைத்து, நகையை அடகு வைத்து மொத்த பீஸையும் ஒரே நாளில் கட்டிவிடும் குடும்பங்கள் ஏராளம். வரப்புத் தகராறு ஒன்றில் என் மச்சானை இரண்டாவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) சேர்த்தபோது ஸ்டேஷன், கோர்ட், ஜெயில், ஹைகோர்ட் என்று அவனுக்காக அலைந்தது நான்தான். அதில் கற்றதைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாமீனுக்கு ஒரு வக்கீல், கோர்ட் விசாரணைக்கு ஒரு வக்கீல் என்று வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஜாமீன் அவசரம், விசாரணை ஆண்டுக்கணக்கில் நடக்கும். அவசரத்தில் கிடைத்தவரை ஜாமீனுக்கு மட்டும் அமர்த்துங்கள். விசாரணைக்கு ஆற அமரத் தேடலாம்.

இது தமிழ்நாட்டு நடைமுறை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ் வந்துவிட்டன. கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய பிரிவு எண்களைத்தான் பலர் சொல்வார்கள். தேவையான இடங்களில் இரண்டையும் தருகிறேன்.

1. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

"கேஸ் ஆகிவிட்டது" என்று ஊரில் சொல்வது நான்கைந்து வேறு வேறு நிலைகளைக் குறிக்கும். ஒவ்வொன்றுக்கும் செலவும் வேகமும் வேறு.

உங்கள் மேல் யாரோ மனு கொடுத்து, அவருக்கு சி.எஸ்.ஆர் (மனு பெற்றதற்கான) ரசீது மட்டும் போட்டிருந்தால் அது மனு விசாரணை. இன்னும் வழக்கு இல்லை. ஒரு வக்கீலிடம் ஒரு முறை ஆலோசனை கேட்டுவிட்டு, உங்கள் தரப்பை எழுத்தில் தயார் செய்துகொண்டு போனால் போதும். முழு பீஸ் கட்ட வேண்டிய கட்டம் இது இல்லை.

எப்.ஐ.ஆர் பதிவாகியிருந்தால் பிரிவுகளைப் பாருங்கள். ஜாமீனில் விடத்தக்க பிரிவுகள் மட்டும் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைக்கும். ஜாமீனில் விட முடியாத பிரிவு ஏதாவது இருந்தால் முன்ஜாமீன் பற்றி அன்றைக்கே யோசிக்க வேண்டும்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பிடித்த கையோடு உள்ளே தள்ள முடியாது. கைது தேவை என்பதற்குப் போலீஸ் காரணம் எழுத வேண்டும். தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். பழைய 41ஏ, இப்போது பி.என்.எஸ்.எஸ் 35. நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். ஒழுங்காக ஆஜராகும் வரை, தனியாகக் காரணம் எழுதாமல் கைது செய்யக்கூடாது என்பதுதான் அந்த நோட்டீஸால் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. போகாமல் இருந்தால் அதை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீடியோ காலில் யூனிபார்மோடு வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் அது மோசடிக் கும்பல். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

2. எப்.ஐ.ஆர் நகலை எடுங்கள்

எப்.ஐ.ஆர் இல்லாமல் வக்கீலைப் பார்க்கப் போனால் "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்பதைத் தாண்டி அவரால் எதுவும் சொல்ல முடியாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், குற்ற எண், ஆண்டு கொடுத்துத் தேடி இறக்கிக்கொள்ளலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. இணைய வசதியோ இடமோ சிக்கலாக இருந்தால் இன்னும் ஓரிரு நாள் ஆகலாம். பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவை இணையத்தில் வராது. அப்போது குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில் வக்கீல் மூலம் மனு போட்டு நகல் வாங்க வேண்டும்.

குற்ற எண் தெரியவில்லையா? ஸ்டேஷன் பெயரும் தேதியும் தெரிந்தால் அந்த எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எந்த வக்கீல் குமாஸ்தாவாலும் கண்டுபிடித்துச் சொல்ல முடியும். எப்.ஐ.ஆர் அந்தக் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

நகல் வந்ததும் மூன்றைக் கவனியுங்கள்: என்னென்ன பிரிவுகள், நீங்கள் எத்தனையாவது எதிரி, கடைசியில் "மற்றும் சிலர்" என்று இருக்கிறதா. அந்த "மற்றும் சிலர்" இருந்தால், பெயர் வராத தம்பியும் பங்காளியும்கூட நிம்மதியாகத் தூங்க முடியாது. பின்னால் சேர்க்க இடம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

3. வக்கீல் வருவதற்கு முன்னால் ஸ்டேஷனில்

போலீஸ் விசாரணையின்போது நீங்கள் விரும்பும் வக்கீலைச் சந்திக்க உரிமை உண்டு. ஆனால் விசாரணை முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

உங்களையே குற்றவாளியாக்கும் பதிலைச் சொல்ல உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை அது. பெயர், முகவரி, தொழில் சொல்லுங்கள். சம்பவம் பற்றி "வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன், சார்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். விரைப்பாகப் பேசி வம்பை வளர்க்க வேண்டாம். போலீஸ் எடுக்கும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்றே சட்டம் சொல்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதன் மூலம் கண்டெடுத்த பொருள் தொடர்பான பகுதிக்கு மட்டும் விலக்கு. ஆனாலும் வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். பெண்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

போன் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிப்பது, வீடியோவை நீக்குவது எதுவும் வேண்டாம். சாட்சியத்தை அழித்ததாகத் தனிப் பிரிவு சேரும். உங்களுக்குச் சாதகமான பதிவு இருந்தால் அந்தப் போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

4. கைது ஆகிவிட்டால் முதல் 24 மணி நேரம்

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, இரவு என்றாலும் மாஜிஸ்திரேட் வீட்டில் ரிமாண்ட் (காவலில் வைக்க உத்தரவிடுவது) நடக்கும். வெள்ளிக்கிழமை மாலைக் கைது என்றால் ஜாமீன் மனு திங்கட்கிழமைதான் கோர்ட்டுக்குப் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது:

எந்த ஸ்டேஷன், விசாரணை அதிகாரி யார், எப்போது கைது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைதான தகவலை உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குச் சொல்வது போலீஸின் கடமை. கைது குறிப்பாணையில் குடும்பத்தாரோ உள்ளூர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்களைப் போடச் சொன்னால் அதில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கூட்டிப் போய்விட்டு மாலை ஆறு மணி என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்குக் கீழேயே "காலை 8 மணிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்" என்று எழுதிவிடுங்கள். 24 மணி நேரக் கணக்கே அதில்தான் தொடங்குகிறது.

கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்குமாகச் சொல்லிவிட்டது. தந்தார்களா என்று வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அடி விழுந்திருந்தால் மருத்துவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்ல வேண்டும். "ஏதாவது சொல்லணுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் போலீஸைப் பார்த்துத் தலையாட்டிவிடுகிற பையன்கள்தான் அதிகம். அங்கே சொல்லாததைப் பின்னால் ஜாமீன் மனுவில் எழுதினால் எடுபடுவது கஷ்டம்.

அரசு ஊழியர் என்றால் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே தற்காலிகப் பணிநீக்கம் ஆனதாகக் கருதப்படும். வக்கீலிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

5. கையில் பணம் இல்லையென்றால்

காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச வக்கீல் உண்டு. அது போகப் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் வருமானம் பார்க்காமல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு. இரவு நேரக் கைது என்றால் 15100 என்ற இலவச எண்ணை அழையுங்கள். உயர் நீதிமன்றத்துக்கு சென்னையிலும் மதுரையிலும் தனிக் குழுக்கள் இருக்கின்றன.

ஆதார், வருமானச் சான்று (அல்லது சாதிச் சான்று, மாற்றுத் திறனாளி அட்டை), எப்.ஐ.ஆர் நகல், எளிய ஒரு மனு. இவ்வளவுதான் தேவை. சிறையில் இருப்பவர் சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையம் மூலமே கேட்கலாம்.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோவென்று இருப்பார் என்ற பேச்சை நம்ப வேண்டாம். இப்போது பல மாவட்டங்களில் கிரிமினல் கேஸுக்கென்றே முழுநேரச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தனியாகக் கேஸ் எடுக்கக்கூடாது, உங்களிடம் ஒரு பைசா வாங்கக்கூடாது. தினமும் அதே கோர்ட்டில் ரிமாண்டும் ஜாமீனும் பார்ப்பதால் நடைமுறை அத்துப்படி. முதல் இரவுக்கு இவர்கள்தான் சரியான ஆள் என்பது என் எண்ணம். உள்ளூரில் விசாரிக்க உங்களுக்கு இரண்டு மூன்று நாள் மிச்சமாகும்.

6. வக்கீலைத் தேடும் விதம்

யாரை ஒதுக்க வேண்டும் என்பதில் தொடங்கலாம்.

ஸ்டேஷனில் போலீஸே சிபாரிசு செய்பவர். நாளைக்கு அதே விசாரணை அதிகாரியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவர் அவர். "ஜட்ஜ் நமக்குத் தெரிந்தவர்", "பி.பி (அரசு வக்கீல்) நம்ம ஆளு", "அங்கே கொஞ்சம் கொடுக்கணும்" என்று பேசுபவர். பணத்தைக் கொடுத்தால் உங்கள் மேல் இன்னொரு கேஸ் வரும். ஜாமீனுக்கு கேரண்டி தருபவர், தீர்ப்பைப் பொறுத்து பீஸ் என்பவர். வெற்றியை வைத்து பீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. இணையத்தில் நட்சத்திர மதிப்பெண்ணோடு வரும் விளம்பரங்களும் அப்படித்தான். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவே தடை இருக்கிறது; விளம்பரம் செய்து ஆள் பிடித்துத் தரும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

சொந்தக்கார வக்கீல் தனி ரகம். சித்தப்பா பையன் பத்திரப் பதிவும் பாகப்பிரிவினையும் பார்ப்பவராக இருப்பார். அவரிடம் பெயர் கேளுங்கள், கேஸைக் கொடுக்காதீர்கள். சிவில் ஆட்களுக்கு அந்தக் கோர்ட்டில் யார் கிரிமினல் நன்றாகச் செய்கிறார்கள் என்று தெரியும்.

இனி தேடல். இ-கோர்ட்ஸ் செயலியில் மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. நிலுவை, முடிந்தவை என்று பட்டியல் வரும். முடிந்த வழக்குகளில் ஜாமீன் மனுக்கள் மட்டும்தானா, முழு விசாரணை நடந்து தீர்ப்பு வந்தவை இருக்கின்றனவா என்று பாருங்கள். தீர்ப்புகளைத் திறந்து படிக்கலாம். தோற்ற கேஸாக இருந்தாலும் சாட்சிகளை அவர் என்ன கேட்டார் என்பது தீர்ப்பில் ஓரளவு தெரியும். எனக்குக் கிடைத்த வழிகளிலேயே இதுதான் அதிகம் பயன்பட்டது. காசும் ஆகாது.

அடுத்து, ஒரு நாள் கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். காலை பத்தரைக்கு டவாலி வரிசையாகப் பெயர் கூப்பிடுவார், வாய்தா வாங்கும் கூட்டம் நகரும். அது ஓய்ந்த பிறகுதான் சாட்சி விசாரணை தொடங்கும். அதுவரை பொறுத்திருங்கள். சத்தமாகப் பேசுபவரைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் பார்த்த ஒருவர், சாட்சி சொன்ன நேரத்தையும் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் இருந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குரலே உயர்த்தாமல் நான்கு கேள்விதான் கேட்டார். சாட்சி தண்ணீர் கேட்டுவிட்டார். வெளியே வந்ததும் அவர் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

உங்கள் கேஸ் எந்த ரகம் என்பதையும் பாருங்கள். கஞ்சா, போக்சோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், லஞ்ச வழக்கு, சைபர் மோசடி ஆகியவற்றுக்குத் தனிச் சட்டம், தனி நீதிமன்றம். அடிதடி கேஸில் கெட்டிக்காரர் இவற்றிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது. குண்டர் சட்டத்தில் (தடுப்புக் காவலில்) போட்டுவிட்டால் ஜாமீன் என்ற பேச்சே இல்லை. அறிவுரைக் கழகத்தில் முறையீடு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று அது முழுக்க வேறு வேலை.

உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தால் எந்த ஊர் என்பதில் குழப்பம் வரும். திருச்சி, தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டை, திண்டுக்கல் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரி வரை மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம் சென்னையில் வரும். அதற்கேற்ற ஊரில் வக்கீல் வேண்டும். பெரும்பாலும் உள்ளூர் வக்கீலே அங்கே ஒருவரை வைத்திருப்பார். அவர் பெயரையும் எண்ணையும் நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டாகக் கேஸில் மாட்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் எதிரியிலிருந்து ஐந்தாவது எதிரி வரை ஒரே வக்கீல் என்றால் செலவு குறையும், உண்மைதான். ஆனால் "அவன்தான் வெட்டினான், நான் தடுக்கத்தான் போனேன்" என்பது உங்கள் தரப்பு என்றால், அவனுக்கும் சேர்த்து ஆஜராகும் வக்கீல் அதை எப்படிச் சொல்வார்? என் மச்சான் கேஸில் இதே நிலைமை. முதல் எதிரி வீட்டார் ஏற்பாடு செய்த வக்கீலை விட்டு நாங்கள் தனியாகப் பிரிந்தபோது ஊரில் மனஸ்தாபம்தான். பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

7. முதல் சந்திப்பு

எடுத்துப் போக வேண்டியவை: எப்.ஐ.ஆர் நகல், நோட்டீஸ் அல்லது சம்மன் வந்திருந்தால் அது, ஆதார், சம்பவ நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைக் காட்டும் எதுவும் (வேலைக்கு வந்த பதிவு, பஸ் டிக்கெட், சிசிடிவி இருக்கும் கடையின் பெயர்), காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு, எதிர்த்தரப்போடு பழைய தகராறு இருந்தால் அதன் காகிதங்கள், முன்பு ஏதாவது வழக்கு இருந்தால் அந்த விவரம். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானே அழிந்துவிடும். கடைக்காரரிடம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வக்கீலிடம் அன்றே சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் தேதி நேரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்.

வக்கீலிடம் பொய் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட அவருக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. கூட மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பட்டாளத்தோடு போனால் உங்களுக்கும் வாய் வராது. அவர்களை வெளியே உட்கார வையுங்கள். பழைய கேஸை மறைத்தால் ஜாமீன் விசாரணையில் அரசு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார். உங்கள் வக்கீல் அங்கே திகைத்து நிற்பார்.

கேட்க வேண்டியவை: இந்தப் பிரிவுகளுக்கு அதிகபட்சத் தண்டனை என்ன? முன்ஜாமீனா, சரணடைந்து ஜாமீனா, ஏன்? நீங்களே ஆஜராவீர்களா, ஜூனியரா? மோசமாகப் போனால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவரை நான் நம்புவேன். "எல்லாம் உடைச்சிடலாம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆலோசனை பீஸைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதைக் கொடுத்துவிட்டால், வேறொரு வக்கீலிடம் இரண்டாவது கருத்துக் கேட்க மனம் உறுத்தாது.

8. பீஸ் பேசுவது

அரசு நிர்ணயித்த கட்டணம் எதுவும் இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட், செஷன்ஸ், ஹைகோர்ட் என்று ஏற ஏற பீஸும் ஏறும். மொத்தமாக ஒரு தொகை என்று பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள். ரிமாண்டுக்கும் கீழ்க்கோர்ட் ஜாமீனுக்கும் எவ்வளவு. தள்ளுபடியானால் செஷன்ஸுக்கு எவ்வளவு. ஹைகோர்ட் போனால் எவ்வளவு. ஜாமீன் நிபந்தனைகளைத் தளர்த்தக் கேட்கும் மனு இதில் அடக்கமா. குற்றப்பத்திரிகை வந்த பிறகு விசாரணைக்கு எப்படி, வாய்தாவுக்கு இவ்வளவா, சாட்சி விசாரணை நாளுக்கு இவ்வளவா?

கிரிமினல் மனுக்களுக்குக் கோர்ட் கட்டணம் என்பது மிகக் குறைவு. ஆகவே "கோர்ட் செலவு" என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று விவரம் கேட்பதில் தப்பில்லை. டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா செலவு, வக்கீல் சேமநல நிதி ஸ்டாம்ப் ஆகியவை உண்மையான செலவுகள். அவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணத்தை வங்கி மூலமோ யுபிஐ மூலமோ கொடுங்கள். ரொக்கம்தான் என்றால் ரசீது, அதுவும் இல்லையென்றால் "இன்று ஜாமீன் மனுவுக்காக இவ்வளவு கொடுத்தேன் சார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. நாங்கள் முதலில் பார்த்த ஒருவர் ஜாமீனுக்கு என்று முழுத் தொகையும் வாங்கிக்கொண்டார். மனு தள்ளுபடியானதும், அடுத்த கோர்ட்டுக்குப் புதிதாகக் கேட்டார். எழுத்தில் எதுவும் இல்லாததால் பேச இடமில்லாமல் போனது.

9. வக்காலத்து

வக்காலத்து என்பது உங்கள் சார்பில் ஆஜராக, மனு போட, நகல் வாங்க எல்லாவற்றுக்குமான அதிகாரம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். கோர்ட் பெயர், குற்ற எண், எந்த மனுவுக்கு, வக்கீல் பெயர், பதிவு எண் இவை நிரப்பிய பிறகு போடுங்கள். ஜாமீனுக்கு மட்டும் என்று பேசியிருந்தால் ஜாமீன் மனுவுக்கான வக்காலத்தில் மட்டும் கையெழுத்திடுங்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் உள்ளே இருந்தால் வக்காலத்தைச் சிறைக்குக் கொண்டுபோய், கையெழுத்து வாங்கி, சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு திரும்பி வாங்க வேண்டும். இதற்கே ஒரு நாள் போய்விடும். அதனால் ரிமாண்ட் நடக்கும்போதே கோர்ட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

10. ஜாமீன்தாரரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

ஜாமீன் உத்தரவு வந்த மறுநாளே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். உத்தரவுக்குப் பிறகு இரண்டு ஜாமீன்தாரர்கள் மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். பல உத்தரவுகளில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று இருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், வங்கிப் பாஸ்புக், சொத்து வரி ரசீது அல்லது வண்டி ஆர்.சி புத்தகம், சில இடங்களில் வி.ஏ.ஓ அல்லது தாசில்தார் சான்று என்று கோர்ட்டுக்குக் கோர்ட் மாறும். பிணைப்பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைப்பார்கள். அந்தக் கோர்ட்டில் எது கேட்பார்கள் என்று மனு போட்ட அன்றே குமாஸ்தாவிடம் கேட்டுச் சேகரித்து வையுங்கள்.

கோர்ட் வாசலில் கூலிக்கு ஜாமீன்தாரர் கிடைப்பார். வேண்டவே வேண்டாம். போலி ஆவணம் என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாகும், புது வழக்கும் வரும். ஜாமீன்தாரருக்கு நிஜமாகவே ஆள் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். உத்தரவு வந்து ஏழு நாளில் ஆள் விடுதலை ஆகாவிட்டால் சிறை நிர்வாகம் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் முடியாவிட்டால் நிபந்தனையை மாற்றுவதை நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறை தந்திருக்கிறது.

முன்ஜாமீனில் இன்னொரு பொறி இருக்கிறது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. குறிப்பிட்ட நாளுக்குள், பெரும்பாலும் 15 நாளில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஆஜராகிப் பிணை கொடுக்க வேண்டும். தவறினால் உத்தரவு செல்லாமல் போகும். அப்புறம் "தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்ற நிபந்தனை. ஒரு நாள் போகாவிட்டாலும் போலீஸ் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் படம் எடுக்க விட மாட்டார்கள். தேதி போட்ட ஒரு நோட்டு நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

11. வக்கீல் மறந்தாலும் நீங்கள் மறக்கக்கூடாத தேதிகள்

60 அல்லது 90 நாள்: ஆள் உள்ளே இருக்கும்போது இதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மரண தண்டனை, ஆயுள், பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90, மற்றவற்றுக்கு 60. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் தானாக விட மாட்டார்கள், மனு போட வேண்டும். நீங்கள் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போயிற்று. ஆகவே 61-ஆம் நாள் அல்லது 91-ஆம் நாள் காலையிலேயே மனு தயாராக இருக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகை நகல்: ஆஜரானதிலிருந்து 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும். வாங்கும்போது பக்கங்களை எண்ணுங்கள். சாட்சி வாக்குமூலமோ மருத்துவச் சான்றோ விடுபட்டிருந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள்.

60 நாள்: விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் மனுவுக்குப் புதிய சட்டத்தில் இந்தக் கெடு வந்திருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் கிடைத்ததிலிருந்தும், செஷன்ஸில் வழக்கு அங்கே அனுப்பப்பட்ட நாளிலிருந்தும் கணக்கு. விசாரணை வக்கீலை இதற்குள் முடிவு செய்துவிடுங்கள்.

ஒவ்வொரு வாய்தாவும்: இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை (வழக்குக்கு உள்ள தனி எண்) போட்டால் அடுத்த தேதி தெரியும். வர முடியாத நாளில், நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்டு வக்கீல் "317 பெட்டிஷன்" போட வேண்டும் (புதிய எண் 355, பேச்சில் இன்னும் 317தான்). போடாமல் விட்டால் பிடிவாரண்ட். பிடிவாரண்டை ரத்து செய்ய நீங்களே நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். வெளிநாடு போவதென்றாலும், பாஸ்போர்ட் எடுப்பதென்றாலும் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை கோர்ட் அனுமதி வேண்டும்.

12. வக்கீலை மாற்ற வேண்டுமென்றால்

போனை எடுப்பதில்லை, தேதி சொல்வதில்லை, சாட்சி விசாரணைக்கு ஜூனியரை அனுப்புகிறார் என்றால் மாற்றலாம். மனக்கசப்பு இல்லாமல் நடக்க, பாக்கியிருந்தால் பேசி முடித்துவிட்டு, பழைய வக்கீலிடம் ஆட்சேபம் இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்கிப் புதியவரிடம் கொடுங்கள். அவர் தர மறுத்தால் புதிய வக்கீல் கோர்ட்டில் அனுமதி கேட்டு மனு போடுவார்.

"பீஸ் பாக்கி இருக்கிறது, கேஸ் கட்டைத் தர மாட்டேன்" என்று பிடித்து வைப்பது நடக்கும். பீஸுக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதை மரியாதையாக ஒரு பதிவுத் தபாலில் எழுதுங்கள். அப்படியும் வராவிட்டால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். புகார் முடியக் காலம் பிடிக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் கோர்ட்டில்தான் இருக்கின்றன. புதிய வக்கீல் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலை எடுத்துவிடுவார். அதுவரைக்கும் ஒரு வாய்தா கேட்டால் பொதுவாகக் கொடுப்பார்கள்.